பேரிக்காய் மரத்தில் பல் தடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே உன் சௌக்கியத்தை எழுது என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அப்படித் தாவ மனசு வரவில்லை, கடைசியில் திரும்பவும் அதே கேள்விக்குத்தான் வருவேன், அதனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இது என்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் எனக்குப் பொய்தான் சரளமாக வருகிறது பாப்பா. நீ ஏதாவது கேட்டதுமே எல்லாம் நல்லா இருக்கு என்று வாய் முந்திக்கொள்கிறது. எழுதும்போது கை மெதுவாகத்தான் போகிறது, உண்மை ஏறிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பேரிக்காய் மரம் நன்றாக இல்லை. ஆறு மாதமாக நன்றாக இல்லை. நீ வாராவாரம் என் மரம் எப்படிம்மா இருக்கு என்று கேட்க, ஜம்முனு இருக்கு என்று நான் சொன்னதெல்லாம் புளுகு. அது பிழைக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதைக் கெடுத்ததில் பாதிப் பங்கு ஒரு காட்டு விலங்குக்கு, மீதிப் பாதி உன் அம்மாவுக்கு. ஒன்பது வயதில் நீ பின்பக்க வேலி ஓரம் குழி தோண்டி, அப்பாவின் நல்ல வாளியைப் போட்டு உடைத்து, நட்டு வைத்த மரம் அது. ஊருக்குக் கிளம்புகிற அன்று டாக்சி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஓடிப்போய் அதைத் தொட்டுவிட்டு வந்து, பாத்துக்கோம்மா என்றாய். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

குளிர் முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் துணி காயப்போடப் போனேன். மரத்தின் அடியில் மண் முழுக்கச் சிராய் சிராயாகக் கிடந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பட்டை இல்லை, உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டை பளீரென்று தெரிந்தது. சுற்றளவில் முக்கால் பங்கு போய்விட்டது, வேலியை ஒட்டின பக்கம் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை மிச்சம். அப்பா வந்து பார்த்தார், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, இது தையல்காரர் வீட்டு ஆடுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் போன வருஷம் வாங்கின ஆடு, தாடி வைத்தது, அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே அதைக் கண்டால் ஆகாது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன், எந்த மிஷின் நின்றாலும் நாலு பாகத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார், ஆடு விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போனதோ. நேராகப் போய் வேலி மேல் கையை வைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தார். தையல்காரரும் பதிலுக்கு எட்டு வார்த்தை பேசினார். அன்றைக்கே ஆட்டைக் கட்டிப் போட்டுவிட்டார், எங்களோடு பேச்சையும் நிறுத்திவிட்டார், என் ரவிக்கை இரண்டு அவரிடம் மாட்டிக்கொண்டது.

எனக்கு மட்டும் அந்த வெள்ளைக் கட்டையைப் பார்த்ததிலிருந்து கை பரபரவென்றது. இருபத்தாறு வருஷமாகப் பல் லேப்பில் உட்கார்ந்து பல் செட்டும் கேப்பும் செய்கிறவள், ஒரு பல் தடத்தைப் பார்த்துவிட்டு சும்மா போவேனா. லேப்பில் தேதி முடிந்து தூக்கிப்போட வைத்திருந்த அச்சு மாவு ஒரு டப்பா எடுத்து வந்தேன். தண்ணீரில் குழைத்து மரத்தில் அப்பி, இறுகினதும் உரித்தெடுத்து, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றினேன். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்து, மரத்துக்கு வாயைத் திறக்கச் சொல்லலையா என்று கிண்டல் பண்ணினார். அச்சு காய்ந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், இரண்டிரண்டாக ஒட்டின கோடுகள், ஒவ்வொன்றும் உளியால் செதுக்கினது மாதிரி, மேலிருந்து ஒரு ஜோடி ஊன்றியிருக்கிறது, கீழிருந்து ஒரு ஜோடி சுரண்டியிருக்கிறது. எங்கள் பல் டாக்டரிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில், நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தவர் பயந்துபோனார். ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாதும்மா, வெறும் ஈறுதான், இது மேலேயும் கீழேயும் பல் இருக்கிற ஜாதி என்றார். மானுக்கும் அப்படித்தானாம், கீழ்ப்பல்லை மேல் ஈறோடு சேர்த்துப் பிடித்து இழுக்குமாம், பட்டை நாராகக் கிழியுமாம். எனக்கு இது ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிகிறது, ஆட்டின் வாயை இத்தனை நாள் நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

பிளாஸ்டர் அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு நானே தையல்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆட்டின் உதட்டைத் தூக்கிக் காட்டினார், நான் அச்சைக் காட்டினேன், வழக்கு முடிந்தது. அடுத்த வாரம் அவரே வேலிக்கு அடியில் கிடந்த ஒரு முள்ளைக் கொண்டுவந்து நீட்டினார், கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு சாண் நீளம். முள்ளம்பன்றி. அப்பா மன்னிப்புக் கேட்கப் போனபோது தையல்காரர் அவரை உள்ளேயே விடவில்லை. "என்கிட்ட எதுக்கு? திட்டு வாங்கினது ஆடு. அதுகிட்டயே சொல்லுங்க" என்றார். அப்பா சொன்னார் பாப்பா, நான் இரண்டு காதாலும் கேட்டேன். ஆடு அவர் சட்டைப் பையிலிருந்த ரசீதைத் தின்றுவிட்டது.

அந்த முள்ளம்பன்றியைப் பற்றி அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். குளிரில் வேறு தீனி இல்லாதபோது பட்டைக்கு வருமாம், பட்டையின் உள்பக்கத்தில்தான் மரத்தின் சர்க்கரை ஓடுகிறது. அதோடு அதன் முன்பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்குமாம், எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மனுஷனுக்கும் அப்படி இருந்தால் என் பிழைப்பு என்ன ஆவது என்று நினைத்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் சிரிக்கிற கதை. இனிமேல் வருவது நான் செய்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வெள்ளையாக இருந்த இடம் பழுப்பேறிப்போய், ஓரங்களில் ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. என் கண்ணுக்கு அது சொத்தை. சொத்தை என்றால் என்ன செய்வது என்று எனக்கா தெரியாது? கறுப்பு முழுவதையும் சுரண்டி எடுத்து, நல்ல இடம் தெரிகிற வரை தோண்டி, சுத்தம் பண்ணி, அடைத்துவிட வேண்டும். யாரையும் கேட்கவில்லை. லேப்பிலிருந்து பழைய கைமெஷினைக் கொண்டுவந்து, நீளமான வயர் போட்டு, ஒரு ஞாயிறு முழுக்க மரத்தடியில் குந்தி உட்கார்ந்து குடைந்தேன். கோடு உள்ளே போகப்போக நானும் உள்ளே போனேன், ஒரு இடத்தில் விரல் நீளத்துக்குக் குழி ஆகிவிட்டது. அப்புறம் சிமெண்ட் வைத்து அடைத்து, வழவழப்பாக்கி, பக்கத்துப் பட்டையின் நிறத்துக்கு நிறம் பார்த்துக் கலந்து பூசி, பட்டையில் இருக்கிற வெடிப்புகள் மாதிரியே கத்தியால் கீறி விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு அழகான வேலை செய்ததில்லை. அப்பா தடவிப் பார்த்துவிட்டு, எங்கே அடிபட்டிருந்ததுன்னே தெரியலையே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு மூன்று வாரத்தில் மரம் பூத்தது. நீ பார்த்திருக்கிறாயே, போட்டோ அனுப்பினேனே, இலையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று. இருபது வருஷத்தில் அப்படிப் பூத்ததில்லை. என் வைத்தியம் பலித்துவிட்டது என்று நானே தெருவில் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினேன். நீயும் அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பத்து வாரத்துக்கு முன்னால் போனில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த உன் முகத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டுவிட்டாய். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

அந்தச் சமயம்தான் எங்கள் டாக்டரிடம் ஒரு வனக்காவலர் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், கடைவாய்ப்பல் உடைந்து கேப் போட. அளவு சரிபார்க்க லேப் பக்கம் வந்தவளிடம் வாய் சும்மா இருக்காமல் மரத்தின் படத்தைக் காட்டினேன், அடைப்பதற்கு முன் ஒன்று, அடைத்த பின் ஒன்று. அவள் பாராட்டுவாள் என்று பார்த்தேன், ரொம்ப நேரம் படத்தையே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். சாயங்காலம் வந்தாள். சிமெண்டைத் தட்டிப் பார்த்தாள், காது வைத்துக் கேட்டாள், பிறகு என்னிடம் அனுமதி கேட்டு உளியால் நெம்பினாள். என் அழகான வேலை ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரிந்த நாற்றம் பாப்பா, மூடி வைத்த சொத்தைப் பல்லின் நாற்றம்.

"அந்தக் கறுப்புக் கோடு சொத்தை இல்லைங்க. மரம் தனக்குக் கட்டிக்கிட்ட சுவர். நீங்க சுவரை இடிச்சிட்டு, ஈரத்தை உள்ளே வச்சுப் பூசிட்டீங்க" என்றாள்.

அவள் கடுமையாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் டீயைக் குடித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னாள், நானும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தேன், உன் அம்மா புத்தி உனக்குத் தெரியும். நம் தோல் வெட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே புதுத்தோல் வந்து பழையதை மாற்றிவிடுகிறது. மரத்துக்கு அந்த வித்தை கிடையாதாம், அடிபட்ட கட்டை அடிபட்ட கட்டையாகவே இருக்கும். அது செய்வதெல்லாம் கதவைச் சாத்துவதுதான். காயத்துக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் போகிற குழாய்களை அடைக்கிறது, உள்பக்கம் அடைக்கிறது, பக்கவாட்டில் அடைக்கிறது, கசப்பான சாறு ஒன்றை நிரப்பி வைக்கிறது, இது வரைக்கும்தான் கெட்டது, இதற்கு மேல் விடமாட்டேன் என்று. அப்புறம் இரண்டு ஓரத்திலும் மிச்சமிருக்கும் பட்டையிலிருந்து உதடு மாதிரி தடித்து வளர்ந்து, வருஷக்கணக்கில் நகர்ந்து நகர்ந்து, நடுவில் வந்து மூடிக்கொள்கிறது. காயம் ஆறுவதில்லை, உள்ளே பத்திரமாகப் பூட்டப்படுகிறது. அடுத்த முறை கேப் மாட்டிக்கொள்ள வந்தபோது அவள் அலுவலகத்திலிருந்து ஒரு மரத்துண்டு கொண்டுவந்தாள், குறுக்கே அறுத்தது, வெளிப்பக்கம் ஒரு வடு கிடையாது. வளையங்களை எண்ணிக்கொண்டு உள்ளே போனால் முப்பத்தோராவது வளையத்தில் ஒரு கறுப்புப் பிறை, அதன் மேல் பல் தடம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஏதோ ஒன்று கடித்தது, கோடு கோடாக, நேற்றுக் கடித்த மாதிரி இருக்கிறது. பல் அளக்கிற வெர்னியரை எடுத்து அளந்து பார்த்தேன், என் முள்ளம்பன்றியின் பல்லைவிட அரை மில்லிமீட்டர் அகலம் குறைவு. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

அந்தப் பூவைப் பற்றியும் கேட்டேன். இலையில் செய்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும், பட்டை போனதால் இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிவிடுகிறது, அதைத்தான் மரம் பூவாகக் கொட்டுகிறதாம். கீழே வேர் பட்டினி கிடக்க, மேலே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நல்லா இருக்கு என்றுதான் தோன்றும் என்றாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார், இப்போது அவர்கள் இருவரும் சிநேகிதம்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, ஒன்றும் செய்யாதீங்க என்றாள். குழியைக் காற்றாட விட வேண்டும், தண்ணீர் தேங்காமல் பார்க்க வேண்டும், சுற்றிலும் கம்பி வலை அடிக்க வேண்டும், கோடு தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. மிச்சமிருக்கிற உள்ளங்கை அகலப் பட்டைதான் இப்போது அதன் உயிர், அது தாங்கினால் மரம் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டாவது சுவர் கட்டிக்கொள்ளும். தாங்குமா என்று கேட்டேன். அடுத்த குளிர் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றாள். அதைச் செய், இதைச் செய் என்றிருந்தால் செய்துவிடுவேன், சும்மா இரு என்றால் எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஆனால் எட்டு வாரமாகக் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஞாயிறு காலையில் வெர்னியரால் அளப்பதோடு சரி. இடது உதடு ஏழு மில்லிமீட்டர் வந்திருக்கிறது, வலது ஐந்தரை. காயத்துக்குக் கீழே இரண்டு தளிர் விட்டிருக்கிறது. போன வாரம் பார்த்தால் நான் தோண்டின குழிக்குள்ளேயே, ஓரத்தில், மயிர்க்கோடாக ஒரு கறுப்பு. தொடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இருவரும் அதைப் பார்த்தபடி டீயை ஆறவிட்டோம்.

உன்னிடம் இத்தனை நாள் மறைத்ததற்குக் காரணம் உனக்குக் கவலை வேண்டாம் என்பதல்ல, அப்படிச் சொன்னால் அதுவும் புளுகு. நான் கெடுத்தேன் என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

இப்போது முதல் வரிக்கு வருகிறேன். பத்து வாரமாக நீ வீடியோவைப் போடுவதில்லை. நெட் சரியில்லை என்கிறாய், கேமரா கெட்டுப்போச்சு என்கிறாய், ஒரு தடவை இரண்டையும் சேர்த்துச் சொன்னாய். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஆப்பிள் கடிப்பாய், காதுக்குள் கடிக்கிற மாதிரி இருக்கும், எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், இப்போது அந்தச் சத்தமே இல்லை. நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லும்போது முதல் எழுத்தில் காற்று கசிகிறது. முன்பல் போனவர்கள் பேச்சைத்தான் பாப்பா நான் தினமும் கேட்கிறேன், மேல்வரிசை, நடுப்பல் இரண்டில் ஒன்று. முதல் வாரமே தெரிந்துவிட்டது, கேட்க வாய் வரவில்லை, நல்லா இருக்கியா என்று கேட்டேன், ஜம்முனு இருக்கேன் என்றாய். நான் மரத்தைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. அப்பாவிடம் சொல்லவில்லை.

வழுக்கி விழுந்தாயா, வண்டி மோதியதா, கதவில் இடித்தாயா, அல்லது யாருடைய கையாவது பட்டதா, எனக்குத் தெரியாது. நினைத்து நினைத்துத் தூக்கம் போகிறது. டிக்கெட் எடுத்து வந்து உன் அறை வாசலில் நின்று, வாயைத் திற என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் கை பரபரக்கிறது. அதே கைதான் மரத்தையும் குடைந்தது. அதனால் வரவில்லை. நீ வா என்றால் அன்றைக்கே கிளம்புவேன், உன் அப்பாவின் முழங்காலையும் கூட்டிக்கொண்டு வருவேன். எப்படிப் போனது என்பதை நீ சொல்கிறபோது சொல், எழுதுவது சுலபமாக இருந்தால் எழுது. நான் தோண்ட மாட்டேன். ஆனால் யாராவது கை ஓங்கியிருந்து, அந்தக் கை இன்னும் உன் பக்கத்தில் இருக்கிறது என்றால் அதை மட்டும் ஆறப்போடாதே, இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு கூப்பிடு, எந்த நேரமானாலும்.

நீ பதினாறு வயதில் இருந்தபோது லேப்பில் புது அச்சு மாவைச் சோதித்துப் பார்க்க உன்னைப் பிடித்து உட்கார வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா, குமட்டுகிறது என்று என் ஏப்ரனில் துப்பினாய். அந்தப் பிளாஸ்டர் அச்சு என் அலமாரியில்தான் இருக்கிறது, அடியில் பென்சிலால் பாப்பா என்று எழுதியிருக்கிறேன். முள்ளம்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கிறது, மரம் மெல்ல மூடிக்கொள்கிறது, நமக்கு இரண்டும் கிடையாது, அதற்குத்தான் நான் பல் செய்கிற வேலைக்குப் போனேன் போலிருக்கிறது. எந்தப் பல் என்று தெரியாததால் இரண்டையும் செய்து வைத்திருக்கிறேன். இடது பல் வலதின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும், அதையும் அப்படியே வைத்திருக்கிறேன், நிமிர்த்தவில்லை.

அந்த இடத்தில் சூடும் குளிரும் படாமல் பார்த்துக்கொள். வேர் உள்ளே நின்றுவிட்டிருந்தால் வலிக்கும், வலித்தால் அங்கேயே ஒரு டாக்டரிடம் போய்க் காட்டு, தள்ளிப் போடாதே. சாப்பிடாமல் இருக்காதே. உன் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் நினைத்துக்கொள்கிறோம், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மரத்தின் அளவை இனி வாராவாரம் உள்ளது உள்ளபடி சொல்வேன்.

மறக்காமல் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று: இடதா, வலதா?

கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா